ஆறாம் வகுப்பில் சேர்ந்த அத்தா

பிள்ளையை ஆறாம் வகுப்பில் சேர்த்த பெற்றோரின் வேலை எப்படிப்பட்டது என்றால், பயிற்சி கிடையாது, விடுப்பு கிடையாது, மேலதிகாரிக்கு வயது பதினொன்று. இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்கள் தனியாக உட்கார்ந்து வருத்தப்பட வேண்டாம். துணைக்கு நானும் இருக்கிறேன்.

என் பெயர் யூசுப். மறைமலை நகரில், கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். வீடு பீர்க்கன்கரணை, முதல் மாடி. மனைவி மெஹருக்குக் குரோம்பேட்டையில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. ஒரே மகள் ஆயிஷா. எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அங்கே அவள் தும்மினால் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். ஆறாம் வகுப்புக்குக் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெரிய பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தது. காலையில் மெஹர் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடுவாள். நான் கேட்டு வாங்கிக்கொண்ட முதல் ஷிஃப்ட் முடிந்து, சாயங்காலம் போய் அழைத்து வருவேன். அந்தப் பள்ளி வாசலில் ஒரு வருஷம் நின்றதில் எனக்கு நேர்ந்தவை இவை.

எந்த ஆயிஷா?

பழைய பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே மிஸ். தமிழும் அவர்தான், கணக்கும் அவர்தான், பாட்டும் அவர்தான். ஆயிஷாவுக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பதுகூட அவருக்குத் தெரியும். புதுப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரம், "மிஸ் இன்னிக்கு என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "எந்த மிஸ்?" என்றாள். பாடத்துக்கு ஒரு மிஸ்ஸாம். பீரியட் முடிந்து மணி அடித்தால் ஒருவர் போவார், இன்னொருவர் வருவார். கம்பெனியில் ஷிஃப்ட் மாறுவது போல இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே அவளுக்குச் சளி. ஃபிளாஸ்கில் வெந்நீர் கொடுத்தனுப்பியிருந்தோம். அதைக் குடித்தாளா என்று தெரியவில்லை. சாயங்காலம் வாசலில் நின்றபோது, கையில் நோட்டுக் கட்டோடு ஒரு மிஸ் வெளியே வந்தார். ஓடிப் போய் வணக்கம் சொல்லி, "மிஸ், ஆயிஷாவுக்கு நெஞ்சுல சளி. நாளைக்கு ஃபேனுக்கு நேர் கீழ உக்கார வைக்காதீங்க. நடுவுல வெந்நீர் குடிக்கச் சொல்லுங்க" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். தலையாட்டினார். பிறகு சொன்னார்: "கண்டிப்பா சொல்றேன் சார். ஆனா நான் லெவன்த்துக்கு காமர்ஸ் எடுக்கறேன். ஆறாவதுல எந்த செக்‌ஷன், எந்த ஆயிஷா?"

பேனா வாங்கிய நாள்

ஐந்தாம் வகுப்பு வரை பென்சில். ஆறிலிருந்து பேனா. இது எவ்வளவு பெரிய பதவி உயர்வு என்பது தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு ஸ்டேஷனரி கடையில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஆயிஷா ஒவ்வொரு பேனாவாக எடுத்து, கடைக்காரர் கொடுத்த தாளில் தன் பெயரை எழுதிப் பார்த்தாள். ஒன்று பட்டையாக எழுதியது, ஒன்று வழுக்கியது. ஒன்று நன்றாக எழுதியது, ஆனால் மூடி பிடிக்கவில்லை. தாளின் இரண்டு பக்கமும் "ஆயிஷா, ஆயிஷா" என்று நிரம்பிவிட்டது. பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் நெளிந்தேன். கடைக்காரர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பாப்பா, பேனா வாங்கறியா, இல்ல என் கடையவே எழுதி வாங்கறியா?"

செல்வம் தூக்கிய பை

செல்வம் என்னோடு ஒரே லைனில் வேலை பார்ப்பவன். பெருங்களத்தூர்க்காரன். ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்ததும், மார்க்கெட்டில் ஏதோ வாங்க வேண்டும் என்று அவனும் தன் பைக்கில் என்கூடத் தாம்பரம் வந்தான். பள்ளி விட்டு ஆயிஷா வந்தாள். முன்பக்கம் குனிந்து, காற்றுக்கு எதிராக நடப்பவள் மாதிரி வந்தாள். "குடு கண்ணு, நான் எடுத்துனு வரேன்" என்று செல்வம் ஒரு கையால் பையை வாங்கினான். அது அவனைக் கீழே இழுத்தது. இரண்டாவது கையையும் கொடுத்தான்.

உள்ளே எல்லாப் பாடப் புத்தகமும், எல்லா நோட்டும் இருந்தன. "டைம்டேபிள் பாத்து எடுத்துட்டுப் போகலாம்ல?" என்றேன். "மிஸ் மாத்தி வந்துட்டா?" என்றாள். பயம்தான் அவ்வளவு கனம். எங்கள் கம்பெனியில் கனமான பாகம் எதையும் கையால் தூக்க விடமாட்டார்கள். மேலே தொங்கும் ஹாய்ஸ்டில் கொக்கி மாட்டித்தான் தூக்க வேண்டும். செல்வம் பையைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துவிட்டுத் தோளை நீவிக்கொண்டான். "மச்சான், நம்ம லைன்ல இத கையால தூக்கினா சேஃப்டி ஆபீசர் மெமோ குடுப்பாரு."

ஒண்ணும் நடக்கல

"இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்ற கேள்விக்கு ஒரே பதில்தான்: "ஒண்ணும் நடக்கல." அத்தனை பிள்ளைகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே கட்டடத்துக்குள் இருந்தும் ஒன்றுமே நடக்கவில்லையா? எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. தரம் பார்க்கிறவன் புத்தி. மூடி வைத்ததைத் திறந்து பார்க்காமல் விடாது. ஒரு நாள் கேள்வியை மாற்றிப் போட்டேன். "இன்னிக்கு யார் திட்டு வாங்கினா?" அவ்வளவுதான், பெருங்களத்தூர் சிக்னல் வரைக்கும் வண்டியின் பின்னாலிருந்து பேச்சு நிற்கவில்லை. ஜெனிஃபர் என்ற பெண் சோஷியல் பீரியடில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாளாம். மிஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து நின்று "பிரசென்ட் மிஸ்" என்றாளாம்.

அந்த ஜெனிஃபரின் அம்மா ஸ்டெல்லா. முடிச்சூர் பக்கம் வீடு. வாசலில் தினமும் நான் நிற்கும் வேப்ப மரத்தடியில்தான் அவரும் நிற்பார். மறுநாள் நான் விஷயத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலண்ணா! கேட்டா நல்லா போச்சு மம்மின்னு மட்டும் சொல்றா" என்றார். பிறகு, "உங்க பொண்ணு முந்தாநேத்து போர்டுல கணக்கு போட்டு, கிளாஸே கை தட்டுச்சாமே, சொல்லலையா?" என்று கேட்டார். எனக்கு அது செய்தி. என் மகளுக்கு ஒரு வகுப்பே கை தட்டியிருக்கிறது. நான் அன்றைக்கு அவளிடம் டிபன் பாக்ஸ் மூடியைத் தொலைத்ததற்காகக் கத்தியிருக்கிறேன்.

பிள்ளைகள் தங்களைப் பற்றிப் பேசமாட்டார்கள், அடுத்தவரைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவார்கள் என்பதை அந்த மரத்தடியில்தான் கண்டுபிடித்தோம். ஸ்டெல்லாதான் ஒப்பந்தம் போட்டார்: "இனிமே என் பொண்ணு நியூஸ நீங்க கொண்டாங்க, உங்க பொண்ணு நியூஸ நான் கொண்டாரேன்."

ரவுண்டு

இந்தச் செய்தி வியாபாரம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் ஸ்டெல்லா கொஞ்சம் தயங்கினார். "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. லஞ்ச் பெல் அடிச்சதும் ஆயிஷா டிபன் பாக்ஸ எடுத்துனு எங்கயோ போயிடுதாம். திரும்ப பெல் அடிக்கும்போதுதான் வருதாம். எங்க போவுதுன்னு ஜெனிக்கும் தெரில" என்றார். பாக்ஸ் தினமும் காலியாகத்தான் வீட்டுக்கு வருகிறது. பிறகு எங்கே போகிறாள்?

வண்டியில் வரும்போது, பேச்சுவாக்கில் கேட்பது போல, "மத்தியானம் யார்கூடம்மா சாப்பிடற?" என்றேன். "கீர்த்தனாகூட" என்றாள். கீர்த்தனா பக்கத்துத் தெருப் பெண். எல்.கே.ஜி.யிலிருந்து இருவரும் ஒரே பெஞ்ச். அதே பள்ளிக்குத்தான் வந்தாள், ஆனால் தமிழ் மீடியம். வகுப்பு வேறு கட்டடத்தில். எனக்கு நிம்மதியாகிவிட்டது. அந்த நிம்மதி சனிக்கிழமை வரைதான் இருந்தது. காய்கறிக் கடையில் கீர்த்தனாவின் அம்மா என்னைப் பார்த்ததும், "ஆயிஷா எப்படிண்ணா இருக்கா? மத்தியானத்துல இவளுக்கு கோ-கோ பிராக்டிஸ். ஆயிஷாவப் பாக்கவே முடியலன்னு சொல்றா" என்றார். கையிலிருந்த முருங்கைக்காயைக் கூடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மெஹர் என்னை வாய் திறக்க விடவில்லை. "நீங்க கேட்டா விசாரண மாதிரி இருக்கும். நான் பாத்துக்கறேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளுக்குத் தலை வாரிக்கொண்டே, எதிரில் முகம் பார்க்காமல், மெல்லக் கேட்டாள். நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஆயிஷா சொன்னாள். மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டில் உட்கார்ந்து தனியாகத்தான் சாப்பிடுகிறாள். பள்ளி திறந்ததும் முதலில் கொஞ்ச நாள் கீர்த்தனாவைத் தேடி அந்தக் கட்டடத்துக்குப் போனாள். கீர்த்தனா கோ-கோவில் சேர்ந்துவிட்டாள். திரும்பித் தன் வகுப்புக்கு வந்தால், அதற்குள் எல்லாரும் தரையில் வட்டம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடப் பழகிவிட்டார்கள். "என்னையும் சேத்துக்கோங்கன்னு கேக்கலாம்ல கண்ணு?" என்றாள் மெஹர். குரல் உடைந்திருந்தது. ஆயிஷாவின் குரல் உடையவில்லை. மளிகைக் கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னாள்: "எல்லா ரவுண்டும் ஃபுல் ஆயிடுச்சும்மா."

வகுப்பாசிரியையின் கேள்வி

திங்கட்கிழமை பர்மிஷன் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். தமிழ் மீடியமானாலும் பரவாயில்லை, கீர்த்தனா இருக்கும் வகுப்புக்கே மாற்றிவிடுங்கள் என்று கேட்பதாகத் திட்டம். இந்த முறை சரியான மிஸ்ஸைக் கண்டுபிடித்தேன். ஆயிஷாவின் வகுப்பாசிரியை, கணக்கு எடுப்பவர். ஐம்பதை நெருங்கும் வயது. வராண்டாவில் நின்றபடியே நான் சொன்னதைக் கேட்டார். மதியத்தில் தான் ஸ்டாஃப் ரூமில் இருப்பதால் இது தன் கண்ணில் படவில்லை என்று வருத்தப்பட்டார். ஆனால் வகுப்பு மாற்றுவதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "நாளைக்கே நான் ஒரு ரவுண்டுல கொண்டுபோய் உக்கார வெக்கலாம் சார். மிஸ் சொல்லிச் சேத்த ஃபிரெண்ட்ஷிப் ஒரு வாரம்தான் நிக்கும். கொஞ்ச நாள் விடுங்க. நானும் கண்ணு வெச்சுக்கறேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. தினமும் என் மகள் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருப்பாள், நான் கொஞ்ச நாள் விட வேண்டுமா? "சின்னப் பொண்ணு மிஸ், தனியா சாப்பிடுறா" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. என் சட்டைப் பையில் கம்பெனி அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். "சார், நீங்க இந்த கம்பெனில புதுசா சேந்தப்போ, முதல் மாசம் கேன்டீன்ல யார்கூட சாப்பிட்டீங்க?"

ஜெனியின் துப்பறிதல்

ஜிஎஸ்டி சாலையில் திரும்பிப் போகும்போது அந்தக் கேள்விக்குப் பதில் ஞாபகம் வந்தது. கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசையில் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். வேகமாகச் சாப்பிட்டுவிட்டு, போன் பேசுவது போல வெளியே போய் நிற்பேன். யாரும் என்னை ஒதுக்கவில்லை. யாருக்கும் நான் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் அப்போது நான் இருபத்தைந்து வயது ஆள். இவளுக்குப் பதினொன்று. ஸ்டெல்லாவிடம் சொல்லி ஜெனியைத் தூண்டிவிடலாமா என்று நூறு தடவை வாய் வரை வந்தது. மிஸ் சொன்னதை நினைத்து அடக்கிக்கொண்டேன். மெஹர் மட்டும் டிபன் பாக்ஸில் வழக்கத்தைவிடக் கூடுதலாக வைத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். அதுவும் காலியாகித்தான் வந்தது.

நான் தூண்டிவிடவில்லை. ஆனால் எங்கள் மரத்தடி ஒப்பந்தம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. "ஆயிஷா எங்க போவுது? இன்னிக்காவது பாத்தியா?" என்று ஸ்டெல்லா வீட்டில் கேட்டுக் கேட்டு, ஜெனிக்கே ஆர்வம் முற்றிவிட்டது. ஒரு நாள் மணி அடித்ததும் தன் வட்டத்தை விட்டு எழுந்து, ஆயிஷாவுக்குப் பின்னாலேயே போயிருக்கிறாள். அங்கே போய்ப் பார்த்தால், படிக்கட்டு ஜன்னலிலிருந்து தாம்பரம் விமானப் படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் வட்டமடிப்பது தெரிகிறது. எட்டிப் பார்த்தால் ரயில்களும் தெரிகின்றன. ஆயிஷா ரசம் சோறு சாப்பிட்டபடி விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். எந்த விமானம் இறங்கப் போகிறது, எது இன்னொரு சுற்றுப் போகும் என்று முன்கூட்டியே சொல்ல அவளுக்குத் தெரிந்திருந்ததாம். எனக்கு இது எதுவும் தெரியாது. என் மகள் அங்கே அழுதுகொண்டிருப்பதாக நான் கற்பனை செய்துவைத்திருந்தேன்.

மறுநாள் ஜெனியின் வட்டம் முழுதும் டிபன் பாக்ஸோடு படிக்கட்டுக்குக் குடிபோய்விட்டது. ஸ்டெல்லா இதையெல்லாம் மரத்தடியில் சொல்லி முடித்தபோது நான் கண்ணை மறைத்துக்கொள்ள ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டேன். எதிரில் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். ஜெனி நேராகத் தன் அம்மாவிடம் வந்து புகார் கொடுத்தாள்: "மம்மி, இவ்ளோ நல்ல இடத்த இவ மட்டும் வெச்சுகினு இருந்திருக்கா!"

மழை நாள்

ஐப்பசி மழை இந்தப் பக்கத்தில் எப்படிப் பெய்யும் என்று இங்கே வீடு கட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டாம். எங்கள் கம்பெனியில் வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அன்று ஷிஃப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தால், பெற்றோர் குழுவில் செய்தி: மழை காரணமாகப் பள்ளி காலையிலேயே விடப்பட்டது, அழைத்துப் போக ஆள் வரும் வரை மாணவியர் பள்ளியிலேயே இருப்பார்கள். மெஹரிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டேன், கிடைக்கவில்லை. ரயில்கள் வேறு நின்றுவிட்டன என்றார்கள். காலையிலிருந்து பிள்ளை காத்துக்கொண்டிருக்கிறாள் என்ற ஒரே நினைப்போடு கிளம்பினேன். பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் சிரித்துக்கொண்டு நடந்தார்கள். கூடுவாஞ்சேரியில் என் வண்டி ஒரு முறை நின்றுபோய்ப் பிறகு கிளம்பியது.

பள்ளிக் கேட் பூட்டிக் கிடந்தது. தட்டினேன். காவலுக்கு இருக்கும் அம்மா தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு வந்தார். "இன்னா சார், இப்போ வந்துகினு கீற? உள்ள ஒரு புள்ள கூட இல்ல. அல்லாம் போயாச்சு" என்றார். ஆறாம் வகுப்பு, ஆயிஷா, ஒல்லியாக இருப்பாள் என்றேன். "ஓ, அந்த செட்டா? ஒரு வூட்டம்மா வந்து மிஸ்ஸாண்ட கையெழுத்து போட்டு நாலஞ்சு பொண்ணுங்கள இட்டுகினு போச்சு. உன் பொண்ணுதான் முன்னால நடந்து வழி காமிச்சுகினு போச்சு, பேஜார் பண்ணாம வூட்டுக்குப் போ" என்றார்.

வீட்டுப் படியேறும்போதே பார்த்தேன், வாசலில் ஈர ஷூக்கள் வரிசையாக இருந்தன. உள்ளே ஸ்டெல்லா அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். முடிச்சூரில் அவர் தெருவில் தண்ணீர் ஏறிவிட்டது. ஜெனியை எங்கே கொண்டுபோவது என்று அவர் பள்ளி வாசலில் முழித்தபோது, "எங்க வீடு மாடி ஆன்ட்டி, வாங்க போலாம்" என்று சொன்னவள் ஆயிஷா. மழையில் லேபிலேயே மாட்டிக்கொண்ட மெஹரை ஆபீஸ் ரூம் போனில் கூப்பிட்டு அனுமதி வாங்கி, கீழ்வீட்டில் சாவி வாங்கி, எல்லாருக்கும் துண்டு எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். கூடத்துத் தரையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஜெனி இருந்தாள், இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள், அவர்களை அழைத்துப் போகவும் ஆள் வரவில்லையாம், கீர்த்தனாவும் இருந்தாள். நான் வாசற்படியில் சொட்டச் சொட்ட நின்றேன். மகளை வாரி எடுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஒரு கால் உள்ளே வைத்தேன். ஆயிஷா நிமிர்ந்து பார்த்தாள். "அத்தா, அங்கயே நில்லுங்க, இப்பதான் தரைய தொடச்சோம்."

ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது, ஆயிஷா கோடை விடுமுறையில் இருக்கிறாள். எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் போட மாட்டார்களாம், அந்தத் தைரியத்தில்தான் நானும் ஏழாம் வகுப்புக்குப் போகிறேன்.